புதுச்சத்திரத்தில் கட்சி மாறுவோம்

கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் ஏறினால் பாசஞ்சர் வண்டி சிதம்பரம் போய்ச்சேர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. புதுச்சத்திரத்தில் எதிர் வண்டிக்காகக் கிராசிங் விழுந்தால் அதற்கும் மேலே. வீட்டில் கேட்ட கேள்விக்கு 'ம்' போடுகிற நான், அந்த வண்டியில் மட்டும் மூச்சுவிடாமல் பேசுவேன். எதிர் சீட்டில் அவன் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

அவன் முதுநகர்க்காரன். சிதம்பரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை. நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு கல்லூரி அலுவலகத்தில் பைல் கட்டுகிறவன். முதல் மாதம் 'சார்' என்றோம். இரண்டாம் மாதம் 'மச்சான்' ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி., இந்தி, சினிமா டிக்கெட் விலை, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாரை எதற்காகக் கைது செய்யலாம், செய்யக்கூடாது என்று நாங்கள் பேசாதது எதுவுமில்லை. நான் எதைச் சொன்னாலும் அவன் ஒரே மாதிரிதான் தொடங்குவான்: "அங்கதான் மச்சான் நீ தப்பு பண்றே." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன் லீவு போட்ட நாளில் பயணம் முடியவே முடியாது.

ஒருநாள் கிராசிங்கில் வண்டி நின்றபோது எங்கள் சண்டை முற்றி, நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போகப் பார்த்தேன். அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"சரி, இப்ப நீ எம் பக்கம் பேசு. நான் உம் பக்கம் பேசறேன். 'அவன் இப்படிச் சொல்றான்'னுலாம் சொல்லக்கூடாது. நான்னுதான் பேசணும். ஒழுங்கா பேசிட்டா, நான் சொன்னத நீ கேட்டேன்னு ஒத்துக்கறேன்."

அன்று எனக்கு நாலு வாக்கியம்கூட வரவில்லை. அவனோ என் பக்கத்தை என்னைவிட நன்றாகப் பேசினான். நான் தொடையில் தட்டித் தட்டிப் பேசுவேன், அதையும் விடவில்லை. பெட்டியே சிரித்தது. அப்போதிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. புதுச்சத்திரம் வரைக்கும் அவரவர் கட்சி. வண்டி புதுச்சத்திரத்தை விட்டுக் கிளம்பினதும் அடுத்தவன் கட்சி. பக்கத்து சீட்டில் வரும் டீச்சர் ஒருவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு, "மாத்துங்க சார்" என்று குரல் கொடுப்பார். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பேச்சு இலவசங்களைப் பற்றி வந்தது. பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லை, பிள்ளைகளுக்குச் சோறு, சைக்கிள், லேப்டாப். நான் தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். "எல்லாம் ஓசி மச்சான். ஓசி பஸ்ஸு, ஓசிச் சோறு. ஓசிச் சோறு தின்னு வளந்தவனுக்கு கேள்வி கேக்க எங்கேருந்து வாய் வரும்?"

அவன் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எதிராளி முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு.

அவன் கோபப்படவில்லை. "அங்கதான் மச்சான் நீ தப்பு பண்றே. உனக்கு முதல் பட்டதாரின்னு ஃபீஸ் கொறச்சாங்களே, அதுக்கு என்ன பேரு வெச்சே? சலுகை. உனக்கு வந்தா சலுகை, ஊருக்கு வந்தா ஓசியா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொன்னான். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சத்திரம் வந்தது. கட்சி மாறினோம். அவன் தொடையில் தட்டினான். "எல்லாம் ஓசி மச்சான்" என்று என் சொற்களை ஒன்று விடாமல், என் இழுவையோடு பேசினான். அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் நாற்றம் எனக்கே எட்டியது. எதிரே ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் புதுச்சத்திரத்தில் ஏறியவர். கட்சி மாறினது அவருக்குத் தெரிய வழியில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ முதுநகர் முழுக்கச் சுற்றியது. ஒரு நிமிஷம்கூட இல்லாத வீடியோ. 'சத்துணவு ஆயா மகன் பேசுற பேச்சைப் பாருங்க' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அவன் அம்மா உட்கார்ந்த பெஞ்சிலிருந்து, அவரோடு சமைத்த பெண்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்களாம். "வெளாட்டுக்குப் பேசினேன்" என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மச்சான், நம்ம ரயில் வாட்ஸப் குரூப்புல ஒரு வார்த்த போட்டுடேன். அது உம் பக்கம், நான் உனக்காகப் பேசினேன்னு."

"போடறேன்" என்றேன். நாலு தடவை டைப் செய்து நாலு தடவையும் அழித்தேன். என் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா டிக்கெட் இல்லாத பஸ்ஸில்தான் வருகிறார். என் மாமியார் அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரி போகிறார். அவர்கள் இல்லாத பெட்டியில் நான் பெரிய கருத்து சுதந்திரக்காரன். கருத்துக்குக் கீழே என் பெயரைப் போடவேண்டும் என்றபோது கை வரவில்லை. அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஷோரூமில் சொல்லி, திட்டக்குடி கிளைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் போன் செய்தால் எடுக்கமாட்டான்.

அதற்குப் பிறகும் அதே வண்டி, அதே சீட்டு. எதிரே யாராவது உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அரசியல் பேச்சு கொடுத்தால் பார்வையாலேயே அளந்துவிட்டு, "நமக்கு எதுக்கு சார்" என்பார்கள். டீச்சர் நோட்டுகளிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவன் குரல் கேட்காமல் ஏங்கிப்போனேன். தன்னைத் தோற்கடிக்க ஆள் இல்லையே என்று ஒருவன் ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இருப்பான் என்று நினைத்தேன். அவன் அம்மாதான் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அவன் இப்பல்லாம் ஜாஸ்தி வர்றதில்ல தம்பி. நீங்க?"

"ரயில்ல கூட வந்தவன்மா. அந்த வீடியோவுல இருக்கறது என் பேச்சு. எங்களுக்குள்ள ஒரு ரூல். பாதி தூரம் போனதும் அவன் என்ன மாதிரி பேசணும், நான் அவன மாதிரி பேசணும்."

"ஓசிங்கற வார்த்த அவன் வாயில வராதுன்னு எனக்குத் தெரியும். யாரு பேச்சுன்னுதான் ரெண்டு வருஷமா தெரியல" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நீங்க அவன மாதிரி என்ன பேசினீங்க?"

அதை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. சட்டப்படி 'நான்' என்றே பேசினேன்.

"எங்கம்மா சமைக்கிற ஸ்கூல்லதான் நான் படிச்சேன். முட்ட போடற நாள்ல என்ன கடைசி வரிசையில உக்கார வெப்பாங்க. பெத்த புள்ளைக்கு எடுத்து வெச்சாங்கன்னு ஒருத்தரும் சொல்லிடக்கூடாதுன்னு. சில நாள் எனக்கு வர்றதுக்குள்ள முட்ட தீந்துடும். வீட்டுக்கு வந்து கத்துவேன். பெரியவனானப்பறம்தான் புரிஞ்சுது. எங்கம்மா எனக்கு ஒரு முட்டகூட ஓசியில குடுத்ததில்ல. எனக்குக் கேள்வி கேக்க வாய் வந்தது அந்தச் சோத்துலேருந்துதான்."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முட்ட இல்லாத கோவம் அவனுக்கு இன்னும் இருக்குன்னுல்ல நெனச்சேன். எங்கிட்ட இதச் சொன்னதே இல்ல தம்பி."

பிறகு உள்ளே போய் அவருடைய போனை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "முழுசா சொல்லுங்க. மொதல்லேருந்து."

"ஓசின்னு சொன்னது நான்" என்று தொடங்கினேன். தொடையில் தட்டாமல் பேசினேன். என் பெயரையும் சொன்னேன். அந்த வீடியோ அவர்கள் தெருவின் குரூப்புக்கும் எங்கள் ரயில் குரூப்புக்கும் போனது. கூட்டிப் பெருக்கும் அக்கா இப்போது என் மேஜையை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறார். பூசையில் அவன் அம்மா பக்கத்தில் ஆட்கள் உட்காருகிறார்களாம். அவனுக்கும் தனியாக அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இல்லை.

வண்டி புதுச்சத்திரத்தை விட்டுக் கிளம்பும்போது தினமும் அவன் பக்கத்தைப் பேசிப் பார்க்கிறேன், மனசுக்குள்ளேயே. நன்றாகத்தான் வருகிறது. எங்கே தப்பு என்று சொல்லத்தான் எதிர் சீட்டில் ஆள் இல்லை.