அங்கிளின்ட வேட்டியும் என்ட ஓர்கிட்டும்

இண்டைக்குக் காலமை கதவைத் திறந்தா, கீழ் வீட்டு அங்கிள் நிக்கிறார்!

போச்சுடா எண்டு நினைச்சன்.

விஷயம் தெரியாதவைக்கு: வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட் பல்கனியில நாலு ஓர்கிட் தொங்குது. நேர கீழ அங்கிள் உடுப்புக் காயப்போடுற கொடி. அதில எப்பவும் வெள்ளை வேட்டி. (கோயிலுக்குப் போற மனுஷன்!)

போன மாசம் நான் செடியள புதுசா வாங்கின தேங்காய்மட்டைத் துண்டுக்கு மாத்தி (ஓர்கிட்டுக்கு மண் சரிவராது), தண்ணி ஊத்தினன்.

வேட்டி முழுக்க பிளேன்டீ கலர்!

அங்கிள் மேல ஏறி வந்தார். "பிள்ளை, இதுகள எடுங்கோ. இல்லாட்டி ஃப்ளாட் மீட்டிங்கில சொல்லுவன்."

(சட்டிக்குக் கீழ தட்டு வைக்கலாமே எண்டு கேக்காதேங்கோ. தண்ணி தேங்கினா, டெங்குக்கு செக் பண்ண வாற ஆக்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?)

சரியெண்டு சிரட்டைக்கரிக்கு மாத்தினன்.

கறுப்பாச் சொட்டிச்சு! இந்த முறை அங்கிளின்ட ஷேர்ட்!!

உண்மையா அழுகை வந்திட்டுது. பிள்ளையள் மாதிரிப் பாத்த செடியள ஆருக்குத் தூக்கிக் குடுக்கிறது?

பிறகுதான் மூளை வேலை செய்தது. மட்டையிலயும் பிழையில்ல, கரியிலயும் பிழையில்ல. கழுவாமப் போட்டதுதான் பிழை!

மட்டைய வாளியில ஊறப்போட்டு, தண்ணி தெளியிற மட்டும் மாத்தி மாத்தி ஊத்தினன். கரியையும் தேய்ச்சுக் கழுவினன். ரெண்டையும் கலந்து, அடியில செங்கல் துண்டு. (பக்கத்தில புது ஃப்ளாட் கட்டுறாங்கள், செங்கலுக்கா பஞ்சம்!)

டெஸ்ட் பண்ண இவரின்ட வெள்ளை பெனியன சட்டிக்குக் கீழ விரிச்சன்.

"என்னப்பா, என்ட பெனியனோ கிடைச்சுது?"

"பேசாம இருங்கோ. அங்கிளின்ட வேட்டியோ கேக்கிறது?"

ஒரு பொட்டுக் கறை இல்ல! அதோட பழையபடி தொங்கவிட்டன்.

அப்பிடியிருக்க இண்டைக்கு அங்கிள் வாசல்ல!

"அங்கிள்... திரும்பவும் கறையோ?"

"இல்ல பிள்ளை. இப்ப கொஞ்ச நாளா ஒண்டும் இல்ல." குரலே இறங்கிப்போச்சு. "நான் கோவத்தில சொன்னதுக்கு செடியள எறிஞ்சிட்டீங்களோ? மனசு கேக்கேல்ல. அதுதான் வந்தனான்."

நான் இதை எதிர்பாக்கவே இல்ல!

பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனன். நாலும் தொங்குது. ஒண்டில பச்சையா புது வேரும் விட்டிருக்கு.

அங்கிள் ஒவ்வொண்டாப் பாத்தார். நாலாவதைப் பாத்து முடிச்சிட்டு, நெஞ்சில கைய வைச்சு,

"அப்பாடா!"

(அங்கிள், அது நான் சொல்ல வேண்டியது!)