நேராக நடக்கும் ஜோடி

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவிக் கழுவியே பதினோரு வருஷம் கைரேகை தேய்ந்தவள் அவள். ‘கூண்டம்மா’ என்றால்தான் அங்கே தெரியும். மூலை அலமாரிக் கூண்டுகளில் சில குட்டிகள் குடித்தவன் மாதிரித் தள்ளாடும். அதே தள்ளாட்டம் அவள் வீட்டிலும் இருந்தது. நாலு வயதில்தான் மகள் எழுந்து நின்றாள், நின்றதும் சாய்ந்தாள்.

“எலிகூடக் குப்பை கொட்டினா பிள்ளையும் எலியாட்டம்தான் இருக்கும்,” என்றாள் மாமியார். புருஷன் வாயைத் திறக்கவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது பொய்யில்லை.

அவள் ஆராய்ச்சி மேடத்திடம் போய் நின்றாள். “மேடம், என் பொண்ணும் இதுங்க மாதிரியேதான் நடக்குது.”

மேடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பரிசோதனை முடிவு வந்ததும் உட்காரவைத்துச் சொன்னார்.

“வயித்துல இருக்கும்போது மூளை செல்லெல்லாம் உள்பக்கம் பொறந்து வெளிப்பக்கம் ஏறிப் போகும்க்கா. எங்க நிக்கணும்னு ஒரு புரதம் வழி சொல்லும். அது இல்லைன்னா, கண்டக்டர் இல்லாத பஸ் மாதிரி எல்லாம் படிக்கட்டுலயே நெருக்கிட்டு நின்னுடும். அந்தப் புரதத்தைச் செய்யுற மரபணு அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு வரும். ஒண்ணு நல்லா இருந்தாலே நேரா நடக்கலாம். உங்க பொண்ணுக்கு ரெண்டுமே பழுது.”

“மருந்து?”

“பொறக்கறதுக்கு முன்னாடியே நின்ன இடம்க்கா. மாத்த முடியாது.”

வீட்டில் சொன்னாள். மாமியார் சீறினாள். “என் மகன் நேராத்தானே நடக்குறான்?”

“அந்தக் குட்டிங்களைப் பெத்த ஜோடியும் நேராத்தான் நடக்குது அத்தை. தினம் பாக்குறவ நான்.”

பரிசோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் தன்மேல் விழுந்த பழி தீரும் என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

“நான் என்ன எலியா?” என்று செருப்பை மாட்டியவன் திரும்பவில்லை. வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தான். பையன் பிறந்தான். பத்து மாதத்தில் நடந்தான்.

மூன்று வருஷம் கழித்து, பேரனோடு வந்த மாமியார், காய்கறிக் கடையில் மகளோடு நின்றிருந்த அவளை வழிமறித்தாள். “பாத்தியாடி, குதிரையாட்டம் ஓடுறான்! கோளாறு யாருகிட்டன்னு இப்பத் தெரிஞ்சுதா?”

அவளுக்கா தெரியாது? அந்த ஜோடியில் ஒன்றைப் பிரித்துப் பழுதில்லாத எலியோடு சேர்த்துவிட்டால் அத்தனை குட்டியும் நேராகத்தான் நடக்கும். பாதிக் குட்டிகளுக்குள் பழுது ஒளிந்திருக்கும். கூண்டுக்கு அதை எழுதித் தொங்கவிட அட்டை உண்டு, மனுஷனுக்கு ஏது?

“உங்க பேரன் உடம்புலயும்...” என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பையன் ஓடிவந்து, சாய்ந்துகொண்டிருந்த அவள் மகளின் கையைப் பிடித்து நிமிர்த்தினான். சொல்லை அப்படியே விழுங்கினாள்.

“பதில் வருதா பாருங்க,” என்றாள் மாமியார் கடைக்காரரிடம்.