அறுபதைத் தாண்டினா உதறுது

ஜீப்பை மூணு அங்குலம் தூக்கி நிறுத்தறது ரெண்டு நாள் வேலைங்க; தூக்கினப்புறம் வர்ற உதறலைத் தேடிக் கண்டுபிடிக்கறதுதான் தொழில். ஸ்பேனர் பிடிக்கற ஆளுங்க இப்பவே தலையை ஆட்டுவீங்கன்னு தெரியும். காஞ்சிபுரத்துல ஷெட்டு வெச்சிருக்கேன், பாய்னு கூப்பிட்டா நான்தான். கூட்டாளி ஏழுமலை வெல்டிங் பாக்கறான். எங்க ரெண்டு பேரையும் ஒரே ஒரு ஜீப்பு மூணு வாரம் பாடாப் படுத்துச்சு.

தங்கம்

வண்டி மாட்டு டாக்டரம்மாவோடது. மாசம் ஒரு தடவை ஜவ்வாது மலைக்குப் போய் ஊர் ஊரா மாடுங்களுக்கு ஊசி போடறவங்க. அங்க பாதைன்னு பேருதான், எல்லாம் பாறை. அடி இடிக்குது, தூக்கிக் கொடுங்கன்னு கேட்டாங்க. ஸ்பிரிங்குக்குக் கீழ கட்டை கொடுத்துத் தூக்கினேன். அப்படியே புரொப்பல்லர் ஷாஃப்டையும் கழட்டி, ரெண்டாப் பிரிச்சு, கிரீஸ் வெச்சுத் திரும்ப மாட்டினேன். இஞ்சின் சுத்தறதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போற நீளக் குழாய்தான் அது. பெருமையா சாவியைக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்து நின்னாங்க.

"அறுபது வரைக்கும் தங்கம் பாய். அறுபதைத் தாண்டினா என் பல்லு கூட என்கிட்ட நிக்கல."

டயர் மேல பழி

தப்பு நம்மளுதுன்னு எந்த மெக்கானிக்காவது முதல்ல ஒத்துப்பானா? நான் டயரைச் சொன்னேன். அப்புறம் ரோட்டைச் சொன்னேன். விட்டா அவங்க ஓட்டற விதத்தையும் சொல்லியிருப்பேன். ஷெட்டுக்குப் பின்னாடி நாலு தறி ஓடுது, அங்க நின்னு வண்டிச் சத்தம் கேக்கறது ஆகாத காரியம். அதனால டயர் கடையில கொடுத்து நாலு சக்கரத்தையும் வீல் பேலன்ஸ் பண்ணிக்கினு ஹைவே ஏறி திருப்புட்குழி வரைக்கும் ஓட்டினேன். அறுபத்தொண்ணைத் தொட்டதும் கியர் லீவர் கையிலயே குதிக்குது. கோவம் தலைக்கேற, பேலன்ஸ் பண்ணவர்கிட்டயே சண்டைக்குப் போனேன். அவர் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு நிதானமா என்னைப் பார்த்தார்.

"சக்கரம் நல்லாதான் இருக்குது பாய், உன் மூஞ்சிதான் ஒதறுது."

ஆப்பு

வண்டியைத் தூக்கினா ஷாஃப்ட் சாய்மானம் மாறும்; மாறினா உதறும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சாய்மானத்தைத் திருத்த ஸ்பிரிங்குக்கு அடியில ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு கொடுப்போம். கொடுத்தேன். உதறல் கொஞ்சம் அடங்குச்சு. ஷாஃப்ட் சாய்மானம்தான் கோளாறு, முடிஞ்சுதுன்னு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். அவங்க ஓரிக்கை வரைக்கும் போய்ட்டு, இறங்காம அப்படியே ஷெட்டுக்கு வந்தாங்க. பின்சீட்டுல மருந்துப் பொட்டி. உள்ள இருக்கற சீசாவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கினு வந்துச்சாம். ஆப்பு வண்டிக்கு வெக்கல, எனக்கே வெச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை மலையில கேம்ப், மூணு ஊர் மாடுங்க காத்துக்கினு இருக்குதுன்னாங்க. அவங்க கோவப்படல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"டயர், ரோடு எல்லாம் விடுங்க பாய். மலை இறங்கறப்ப இந்த ஷாஃப்ட் கழண்டு விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லுங்க."

சோறு இறங்கல

உதறிக்கினே ஓடற ஷாஃப்ட் என்னிக்கு முனையில இருக்கற ஜாயிண்டை உடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிக்கறேன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன். வீட்டுல மத்தியானம் பிரியாணி. கண்ணு தட்டுல, மனசு ஜவ்வாது மலைக் கொண்டை ஊசி வளைவுல. என் வீட்டுக்காரி ஆடற தட்டை ஒரு கையால பிடிச்சா.

"காலை ஆட்டாம சாப்பிடுங்க, தட்டே அறுபதுல போவுது."

சிவப்புப் பொட்டு

சனிக்கிழமை ஷாஃப்டை இறக்கித் தரையில வெச்சேன். ரெண்டு முனையிலயும் ஜாயிண்டைப் பிடிக்கற காது மாதிரி இரும்புங்க ஒரே நேர்ல நிக்கணும். ஒண்ணு நேரா நிக்குது, இன்னொண்ணு, ரெண்டு பாதியும் சொருகிக்கற பல்லுல ஒரு பல்லு தள்ளித் திரும்பியிருக்குது. யா அல்லா! பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதியிலயும் சிவப்பு நெயில் பாலிஷ்ல புள்ளி வெப்பேன். மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி சேர்த்தா போதும். சேர்த்தேனே, எப்படித் தப்பும்? கிரீஸைத் துடைச்சுப் பார்த்தா, ஒரு பாதியில சிவப்பு ரெண்டு இடத்துல இருக்குது. ஒண்ணு பாலிஷ். இன்னொண்ணு குங்குமம்.

முதல்ல வண்டியைத் தூக்கின வேலை நடுவுல ஆயுத பூஜை வந்துதுங்க. ஏழுமலை வழக்கம்போல சுத்தியல்ல இருந்து வெல்டிங் மெஷின் வரைக்கும் பொட்டு வெச்சான். பெஞ்சு மேல கிடந்த ஷாஃப்டுக்கும் ஒண்ணு வெச்சிருக்கான். நான் அவசரத்துல பாலிஷைக் குங்குமத்தோட சேர்த்து மாட்டியிருக்கேன். அவன்கிட்ட எகிறினேன். அவன் வெல்டிங் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கினு சொன்னான்.

"நான் சாமிக்கு வெச்சேன் பாய், நீ அத அடையாளமா எடுத்துக்கினா நான் என்னா பண்றது?"

முன்சீட்டு

தேவையில்லாம வெச்ச ஆப்பைக் கழட்டிப் போட்டேன். ரெண்டு ஜாயிண்டுக்கும் நடுவுல இருக்கற கிராஸைப் புதுசா மாத்தினேன். பாலிஷுக்குப் பாலிஷ் சேர்த்து மாட்டி ஹைவேல எண்பது வரைக்கும் மிதிச்சேன். லீவர் அசையல. ஆனா சந்தோஷம் வரல. டாக்டரம்மா வந்தா என்னான்னு சொல்றது? சாய்மானம் திருத்திட்டேன்னு சொன்னா நம்பிட்டுப் போவாங்க. மூணு வாரமா அவங்க டயரைக் குத்தம் சொல்லி, உடையக் கூடிய ஷாஃப்டோட அவங்களை ஓட விட்டவன் நான். வெக்கமா இருந்துச்சு. வந்ததும் குங்குமக் கதையை ஒண்ணு விடாம சொல்லிட்டேன், இப்ப பயமில்ல, தைரியமா மலை ஏறலாம்னும் சொன்னேன். அவங்க வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தாங்க. அப்புறம் இடது பக்கக் கதவைத் திறந்து பிடிச்சாங்க.

"தைரியம் இருக்குதுல்ல? அப்போ திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நீங்களும் ஏறுங்க."

இப்பல்லாம் யாராவது கேரண்டி கேட்டா சீட்டு எழுதித் தர்றதில்லைங்க, நானே கூட ஏறி உக்காந்துக்கறேன்.