மருத்துவச்சி இல்லாத ஆஸ்பத்திரி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் நாங்கள் டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் குடியிருந்தோம். பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. ஒரு மத்தியானம், மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகக் கடைக்கு ஆள் வந்தது. டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடினேன். மாற்றுப் புடவை, பிளாஸ்க், எதற்கென்றே தெரியாமல் ஒரு குடை எல்லாவற்றையும் ஏற்றினேன். கடைசியில்தான் மனைவி ஞாபகம் வந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு, டிரைவரிடம், "செங் பக்கம் விடுங்க" என்றேன்.

"ஏங்க, பெரியாஸ்பத்திரி இந்தப் பக்கம்லா!"

"நம்ம ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எது? தோட்டத்து ஆஸ்பத்திரியா? தோட்டத்த விட்டு வந்து எத்தன வருசமாச்சு!" வலியை மறந்து முறைத்தாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால், ரப்பர் தோட்டத்து ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். நான் பிறந்ததும் மலேரியாவில் நடுங்கியதும் தோட்டத்துத் தகரக் கூரையின் கீழ்தான். அரசாங்க ஆஸ்பத்திரி வேறு யாருக்கோ என்றே வளர்ந்தேன். பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். எனக்கோ பயத்துக்குக் குறைவே கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. வைத்தியம் பார்க்கும் டிரெஸர் மட்டும் மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மருத்துவச்சிய நிறுத்திட்டாங்கப்பா. துரை தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டுக் கெளம்புறான்."

"பக்கத்துல கவர்மெண்டு கிளினிக் இல்லீங்களா?"

"தோட்டத்துலதான் ஆஸ்பத்திரி இருக்கேன்னு கம்போங்லல்ல கட்டுனாங்க! நீ வந்த வழியிலதான் இருக்கு. பேசிக்கிட்டு நிக்காத, ஓடு!"

திரும்பினோம். மலாய்க்காரர்களின் கிராமமான கம்போங்கின் ஓரத்தில், புதுச் சாயம் மணக்கும் பலகைக் கட்டடம். வரும்போது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், கண்ணில் படவில்லை. மலாய் மருத்துவச்சி படியிறங்கி வந்தார். எனக்குத் தெரிந்த மலாயில், நாங்கள் இந்தக் கம்போங் இல்லை, இப்போது தோட்டமும் இல்லை, முன்பு தோட்டம் என்று வரலாறு சொல்லத் தொடங்கினேன்.

"கதையை அப்புறம் கேட்கிறேன், அப்பாக்காரரே. குழந்தை காத்திருக்காது," என்று மனைவியைத் தாங்கிப் பிடித்தார். என்னைப் பின்கட்டுக்கு அனுப்பித் தண்ணீர் காய்ச்சச் சொன்னார். பானை பானையாகக் காய்ச்சினேன். ஒரு சொட்டைக்கூட யாரும் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள். உள்ளே போனபோது மனைவி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்சி இருந்துச்சு, வந்துட்டோம்," என்றாள் மெதுவாக. "தோட்டத்துல இருக்கற பொம்பளைங்க என்னங்க செய்வாங்க?"

"மாசம் நெறஞ்சா நம்ம வீட்டுல வந்து தங்கட்டும்," என்று பதிலையும் அவளே சொன்னாள். அந்த வருடத்திலிருந்து, துண்டான தோட்டத்தில் மாதம் நிறைந்த பெண்கள் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து தங்கினார்கள். அவள் அவர்களுக்குக் கஞ்சி வைத்தாள், தலை பின்னிவிட்டாள். நான் அடுப்படியில் பாய் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொருத்திக்கு வலி வந்தபோதும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடுவேன். ஒருத்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"அண்ணே, நீங்க உக்காருங்க. டாக்சிய நான் கூப்புடறேன்."