கையால் தட்டச்சு செய்யப்பட்டவை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் நாய் ஊளையிட்டு, விளக்கு அணைந்து நடக்கவில்லை. மதியம் நடந்தது. நல்ல வெயிலில். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது.

இதை அனுபவித்தவள் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று போன் செய்பவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே சரிசெய்து கொடுக்கும் வேலை. "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்வாள். பேயே எதிரில் வந்து நின்றாலும் இவள் அதைத்தான் சொல்வாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அப்படிப்பட்டவள். இட்டுக்கட்டிப் பேசத் தெரியாது.

அவளுடைய அக்கா திடீரென்று போய்விட்டாள். சமையலறையில் வேலையாக இருந்தவள், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கையில் பத்து மாதப் பெண் குழந்தை. அது மற்றக் குழந்தைகள் மாதிரி தவழாது. தத்தித் தத்திப் போகும். அதனால் எல்லோருக்கும் அவள் தவளை.

சின்னவள் ஒரு பெட்டியோடு அத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். விடியும்போது போனால் இருட்டும்போதுதான் வருவார். கிரேன் கேபினுக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. பகல் முழுக்க வீட்டில் இரண்டே பேர். அவளும் தவளையும்.

அக்காவின் லேப்டாப் கூடத்து அலமாரியில் மேல்தட்டில் இருந்தது. அத்தான் வேலையிலிருந்து வந்து குளித்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் சின்னவள் பின்னால் நின்று கவனித்தாள். தேடுகிற இடத்தில் அவர் ஒரே ஒரு எழுத்தை அடித்தார். அக்கா முன்பு தேடியவை கீழே வரிசையாக இறங்கின. குழந்தைக்கு எப்போது பல் முளைக்கும். குழந்தையின் கால் சில்லென்று இருந்தால். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். எழுத்தை அழித்தார். அடுத்த எழுத்தை அடித்தார்.

"சாப்பிட வாங்க அத்தான். ஆறிடும்."

"ம்."

"தினம் இதையே பார்த்துட்டிருந்தா எப்படி?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. எல்லாத்தையும் இதுகிட்ட கேட்டிருக்கா."

சின்னவளுக்கு, ஆறுகிற புண்ணை இந்த மனுஷன் தினமும் கிளறிக்கொள்கிறாரே என்றிருந்தது.

மறுநாள் அவர் கிளம்பியதும் லேப்டாப்பை இறக்கினாள். அலுவலகத்தில் அவள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரல் உண்டு. கணினியில் எத்தனை பிரவுசர் இருந்தாலும் எல்லாவற்றின் ஹிஸ்டரியையும் ஒரே அட்டவணையில் கொட்டிவிடும். என்ன பார்த்தார்கள், எப்போது, எத்தனை தடவை. கடைசிப் பத்தியில் இன்னொரு விவரமும் இருக்கும். லிங்க்கைத் தொட்டு அங்கே போனார்களா, கையால் தட்டச்சு செய்தார்களா என்று. வேண்டாத வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். மொத்தமாகவும் அழிக்கலாம்.

அவள் மொத்தமாக அழித்தாள்.

அன்று மாலை அத்தான் ஓர் எழுத்தை அடித்தார். எதுவும் இறங்கவில்லை. இன்னொன்றை அடித்தார்.

"நான்தான் அழிச்சேன் அத்தான். உங்களுக்காகத்தான்."

வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாளும் பழக்கதோஷத்தில் எடுத்து உட்கார்ந்தார். ஓர் எழுத்து. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்.

"அழிச்சிட்டேன்னு சொன்ன?"

சின்னவள் குனிந்து பார்த்தாள். இரண்டு வரிகள் இறங்கியிருந்தன.

குழந்தை அம்மாவின் வாசனையை மறக்குமா.

குழந்தை அம்மாவை மறக்க எத்தனை நாள் ஆகும்.

"ஏதோ மிச்சம் இருந்திருக்கும்" என்றாள். அவர் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அவர் தூங்கப்போனதும் நிரலைத் திறந்தாள். மிச்சம் இல்லை. அட்டவணையில் அந்த இரண்டு வரி மட்டும். தேதி, அன்றைய தேதி. நேரம், மதியம் 2.40. கடைசிப் பத்தியில்: கையால்.

மதியம் லேப்டாப் மேல்தட்டில் மூடிக் கிடந்தது. சார்ஜர் மேஜை இழுப்பறையில். அவளே சுருட்டி வைத்தது. அந்த நேரத்தில் தவளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் போனிலிருந்து வந்திருக்கலாம். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால் ஒன்றில் தேடியது மற்றதிலும் வரும். வேலையில் தினமும் பார்க்கிற விஷயம். பீரோவைத் திறந்தாள். போன் அக்காவின் புடவைகளுக்கு அடியில் இருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தாள். உயிரில்லை. என்றைக்கோ சார்ஜ் இறங்கிப் போயிருந்தது.

கடிகாரக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு வரியையும் அழித்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தானாகவே அழித்துவிடும்படி நிரலை அமைத்தாள். அது வேலை செய்ய வேண்டுமானால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எனவே சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி வைத்து, சார்ஜரைச் செருகினாள். தன்னுடைய ஆபீஸ் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே.

கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

அடுத்த நாள் மதியம் தவளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது வாயைத் துடைக்க விடாமல் தலையை ஆட்டியது. பிறகு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னது.

"அம்மா."

"சித்திடி நான். சித்தி சொல்லு."

"அம்மா."

மேஜைப் பக்கம் சத்தம் கேட்டது.

டக். டக். டக். டொக்.

அக்கா இரண்டே விரலால் அடிப்பாள். இடைவெளிக்கு மட்டும் கட்டைவிரலால் ஒரு குத்து. "மேஜையே ஆடுதுடி" என்று சின்னவள் திட்டியிருக்கிறாள்.

டக். டக். டொக்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். சத்தம் நின்றது. நாற்காலியில் யாரும் இல்லை. திரையில் திறந்திருந்த அட்டவணையில் ஒரு வரி.

குழந்தை சித்தியை அம்மா என்று கூப்பிட்டால்.

மூன்று மணி ஆனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டவணை காலியானது.

அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் வேலைக்குப் போகாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார். விடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கி ஏதாவது கடையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அன்று மாலையும் அவர் வந்தார், குளித்தார், மேஜை முன் உட்கார்ந்தார். ஓர் எழுத்தை அடித்தார். எதையோ படித்தார். சின்னவள் அந்தப் பக்கமே போகவில்லை.

விடிந்தது. காலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. கடைக்குப் போக முடியவில்லை.

மதியம் தவளை சாப்பிடவில்லை. வாயில் வைத்ததைத் துப்பியது. மோவாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்று நினைத்தாள். இரண்டு தடவை இருமியது. சளி என்று நினைத்தாள். தரையில் பாயைப் போட்டு உட்காரவைத்தாள். வழக்கமாகத் தத்தி ஓடும் குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

ஹெட்செட்டை மாட்டினாள். யாரோ ஒருவருடைய பிரின்டர் வேலை செய்யவில்லை.

"ஆஃப் பண்ணிட்டு..."

டக். டக். டொக்.

அவளுடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் விசைகள் தானாக அமுங்குவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

டக். டக். டக். டக். டொக்.

"ஹலோ? மேடம்? ஆஃப் பண்ணிட்டு?"

சத்தம் நின்றது.

பக்கத்து நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. யாரோ பின்னால் சாய்ந்தது போல...

சோப்பு வாசனை வந்தது. அக்காவின் சோப்பு. அந்த வீட்டில் இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

சின்னவள் மெல்லத் திரும்பினாள்.

காலி நாற்காலி.

திரை.

ஒரே வரி.

குழந்தை பட்டன் பேட்டரி விழுங்கினால் எவ்வளவு நேரம் ஆகும்.

2.40.

கையால்.

பாயில் தவளை வாயைத் திறந்து வைத்திருந்தது. எச்சில் நூலாக இறங்கியது. அதில் லேசாகச் சிவப்பு.

செருப்புகூடப் போடவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் ஒரு வண்டியை மறித்தாள்.

பேட்டரி விழுங்கியிருக்கிறது என்று அவள் சொன்னதும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்கு நடுவில் வட்டமாக, வெள்ளையாக, விளிம்பில் இன்னொரு வளையத்தோடு ஒன்று தெரிந்தது. டாக்டர் அம்மா அதைப் பார்த்த அடுத்த நிமிஷம் குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே வந்தபோது டாக்டர் முகத்தில் வியர்வை.

"எடுத்தாச்சு. உணவுக்குழாய்ல லேசான புண்ணுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஓட்டை போட்டிருக்கும். பேட்டரின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எல்லாரும் சளின்னு சொல்லித்தான் தூக்கிட்டு வருவாங்க. அதுக்குள்ள லேட்டாயிடும்."

சின்னவள் சுவரில் சாய்ந்து அழுதாள். மனசுக்குள் அக்காவைக் கும்பிட்டாள். செத்தும் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாளே என்று. அவளைப் போய் மணிக்கு ஒருமுறை அழித்துக்கொண்டிருந்தோமே என்று.

"எப்ப விழுங்கியிருப்பா டாக்டர்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்காது. மதியம்தான்."

அத்தான் துறைமுகத்து பூட்ஸோடு வந்து சேர்ந்தார். குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வீட்டுக்குப் போய் மாற்றுத் துணி எடுத்துவந்தார். அப்போதே பேட்டரி போடுகிற எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வந்திருந்தார். ரிமோட், சுவர்க் கடிகாரம், கைக் கடிகாரம், தெர்மாமீட்டர், பொம்மைகள். எல்லாவற்றிலும் பேட்டரி போட்டது போட்டபடி இருந்தது. அந்த அளவு பேட்டரி போடுகிற சாமான் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

அப்போதுதான் சின்னவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாசனையை மறக்குமா என்ற வரியிலிருந்து. சத்தம், நாற்காலி, சோப்பு. கடைசி வரி.

"அக்காதான் அத்தான் காட்டிக்கொடுத்தா."

அவர் துணிப் பையைப் பெஞ்சில் வைத்தார். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது.

"நேத்து சாயங்காலம் ஒண்ணு பார்த்தேன்" என்றார்.

"எங்க?"

"அதுலதான். பழசுன்னு நெனச்சேன். பயந்துபோய்த் தேடியிருக்கான்னு..."

"என்ன இருந்துச்சு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குழந்தை எதை விழுங்கினா வெளிய தெரியாதுன்னு."

நேற்று சாயங்காலம்.

தவளை விழுங்கியது இன்று மதியம்.

எவ்வளவு நேரம் ஆகும்...

அதைப் பதறிப்போயும் கேட்கலாம். காத்துக்கொண்டும் கேட்கலாம்.



"அக்கா அப்படிப் பண்ணுவாளா அத்தான்?"

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குத் தனியா இருக்கவே வராது" என்றார். "உனக்குத் தெரியாதா?"