எங்கன சத்தம்?

நான் ஆங்கில இலக்கியம் படித்த கல்லூரி சிவகாசிக்குப் பக்கம். இலக்கியச் சொற்களை நடத்த வெளியூரிலிருந்து புதிதாக ஒரு சார் வந்தார். சிமிலி, மெட்டஃபர், ஹைப்பர்போலி என்று நாற்பது சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "இது தெரிஞ்சா எந்தக் கவிதையும் தானா புரியும்" என்றார். நாற்பதும் மனப்பாடமான பிறகும் ஒரு கவிதைகூட எங்களிடம் வாய் திறக்கவில்லை.

ஹைப்பர்போலி என்றால் மிகைப்படுத்திச் சொல்வது. கடலளவு கண்ணீர் என்று ஏதோ உதாரணம் சொன்னார். என் அம்மா வேலை பார்க்கும் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி வாசலில், "தொழிலாளர் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை" என்று ஆளுயர எழுத்தில் இருக்கிறது. இவ்வளவு நல்ல உதாரணத்தை ஏனோ எந்தப் புத்தகத்திலும் சேர்ப்பதில்லை.

ஒலியையே சொல்லாக்குவது ஒனமடோபியா. அதை விளக்கி, "பூம்!" என்றார் சார். சொல்லி வைத்தாற்போல் தூரத்தில் நிஜமாகவே ஒன்று கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "பார்த்தீங்களா, இதான் ஒனமடோபியா!" மனிதர் பூரித்துப்போனார். அதைக் கேட்க வகுப்பில் ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் வராண்டாவில் நின்று, புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம்.

"ஏலே, எங்கன சத்தம்?"

"தாயில்பட்டிப் பக்கம்லா தெரியுது."

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் போன் வீட்டில்தான் கிடக்கும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். சத்தம் பக்கத்துக் கம்பெனியில. நீ சாப்பிட்டியா?"

பக்கத்துக் கம்பெனி என்றதும் எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் அம்மாவுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில்தான் வேலை. அவள் என் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

அடுத்த வாரம் தேர்வு. யூஃபமிசம், அதாவது கொடியதை மென்மையாகச் சொல்வது, உதாரணம் தருக என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எங்கே வெடித்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கன சத்தம் என்றுதான் கேட்பார்கள். அதையே எழுதினேன். "பாடத்தில் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டார் சார்.

பாடத்தில் இருந்த உதாரணம், "காலமானார்". அதை எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண். என் பக்கத்தில் உட்காருகிறவள் அந்தத் தேர்வுக்கு வரவில்லை.