பாலம் மூடினால் என்றொரு வசனம்

இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கோயில் மணி விட்டுவிட்டு ஒலித்தது. துக்க மணி. சிஸ்டர் எழுதுவதை நிறுத்தினார். உப்புக்குளத்துப் பிள்ளை ஒருத்தி வகுப்பு வாசலில் வந்து நின்று, “றெஜினா அக்கா மோசம் போயிட்டா” என்றாள். மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாம்.

நாளை அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிவில் வாசிப்பதற்காக ஒரு பக்கம் எழுதி சிஸ்டரிடம் காட்டிவிட்டேன். அதில் அக்காவின் நல்ல குணங்கள் மட்டும் இருக்கின்றன. நான் வாசிக்கப்போவது அதையல்ல, இதை. அம்மா நித்திரையான பின் குப்பி விளக்கில் எழுதுகிறேன்.

அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேல். அவருடைய ஆங்கிலச் சொற்கொப்பியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு பக்கத்துக்கு ‘முன்யோசனை’ என்று தலைப்பிட்டிருந்தார். ஃபோர்சைட் என்றால் வரப்போவதை முன்பே காண்பது. அன்டிசிபேட் என்றால் அதை எதிர்பார்த்து ஆயத்தமாவது. லோங் டேர்ம் என்றால் நாளைக்கல்ல, பத்து வருடத்துக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் ஊரை வைத்தே ஒரு வசனம் எழுதுவார். சோளகக் காற்று எழும்ப முன் அப்பா கூரையை இறுக்கிக் கட்டுகிறார் என்று ஒன்று.

யார் எதைச் சொன்னாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான். பரீட்சை பாஸ் பண்ணுவேன் என்று ஒருமுறை பெருமையடித்தேன்.

“அதுக்குப் பிறகு?”

வேலைக்குப் போவேன் என்றேன்.

“அதுக்குப் பிறகு?”

கலியாணம் என்றதும் சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல், “அதுக்குப் பிறகும் சீவியம் கிடக்கு, பிள்ளை” என்றார்.

கன்டின்ஜென்சி பிளான் என்ற சொல்லுக்கு, ‘பாலம் மூடினால் எங்களிடம் வேறு திட்டம் உண்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எங்கள் தீவிலிருந்து வெளியே போக இருப்பது அந்த ஒரு பாலம். அக்காவின் பரீட்சை நிலையம் அக்கரையில். ஒரு கிழமை முந்தியே உயிலங்குளத்தில் பெரியம்மா வீட்டில் போய் நிற்பதுதான் அவருடைய வேறு திட்டம்.

அந்தக் கொப்பியை நான் இரவல் வாங்கினேன். சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். ஒரு ஆமிக்காரன் பாலம் மூடினால் என்ற வசனத்தில் விரலை வைத்து, யாருடையது என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். வீட்டையும் காட்டினேன்.

அக்காவை அன்றே கூட்டிக்கொண்டு போனார்கள். பொழுதுபட விட்டார்கள். நான் அழுதுகொண்டு அக்காவிடம் போனேன்.

“ஃபோர்சைட் எண்டா என்னெண்டு அவங்களுக்கு அரை நாள் பாடம் எடுத்தனான்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, “நீ என்ர பேரைச் சொன்னது நல்லது. உன்னைக் கேட்டிருந்தா அந்த வசனத்துக்கு உனக்கு விளக்கம் சொல்லத் தெரிஞ்சிராது” என்றார்.

அதன் பின் ஒவ்வொரு கிழமையும் அவர் ஆமி முகாமில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. கடைசிக் கிழமை காய்ச்சலோடு போய் வெயிலில் நின்றார். அன்று பின்னேரம் ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடியும்வரை பொறுத்திருந்தார்கள்.

அக்காவைக் காட்டிக்கொடுத்தது அன்ரன் அண்ணைதான் என்று ஊர் பேசுகிறது. அவருடைய சைக்கிள் கடை சாவடிக்கு எதிரே இருக்கிறது. ஆமிக்காரருக்கும் காற்றடிப்பார், சிங்களம் கதைப்பார். ஊரார் கண்ட சாட்சி அவ்வளவுதான். நேற்று அவர் கடைக் கதவில் கரியால் துரோகி என்று எழுதியிருந்தது. அப்படி எழுதப்பட்ட ஆட்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாவடியில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தி, “நீ ஒண்டும் சொல்லேல்லை. ஒண்டும் தெரியாது. விளங்குதோ?” என்றார்.

கொப்பி முகாமிலேயே இருக்கிறது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். இதை வாசித்தால் அதற்குப் பிறகு எனக்கு என்ன வரும் என்று தெரியாது. வாசிக்காவிட்டால் அன்ரன் அண்ணைக்கு என்ன வரும் என்று தெரியும்.

பெயரைச் சொன்னது நான். அவர் இல்லை. பூசை முடிந்ததும் அவரைத் தனியே போக விடாதேயுங்கோ. உங்களில் நாலு பேராவது அவருடைய வீட்டுவரை கூட நடந்து போங்கோ.